நீராவி அறையில் ஒரு வெள்ளைத் துண்டு

அத்தியாயம் 9

வெர்னன் ஹாகன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். ஏலக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த படம் நாறவில்லை. அவருக்கு நாறியது.

"பாஸ், அது வெறும் காகிதம். கடிக்காது," என்றாள் மேவிஸ்.

"கடிச்சிருந்தா ஊசி போட்டுக்கலாம். இதுக்கு ஊசி கிடையாது."

எழுபது தாண்டியும் முதுகு வளையாத மனிதர் அவர். டை கட்டாமல் தபாலை எடுக்கக்கூட வாசலுக்கு வந்ததில்லை. தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்தே காலம் தள்ளியவர், ஓய்வுக்குப் பிறகு அதையே சொந்தமாகச் செய்துவந்தார். மேவிஸ் டுகன் அவருக்கு வண்டி ஓட்டுவாள், கதவுகளைத் தட்டுவாள், அவர் வாயால் கேட்கக் கூசும் கேள்விகளைக் கேட்பாள். அதற்கு முன் சான் பிரான்சிஸ்கோவில் டாக்ஸி ஓட்டியவள். கூச்சம் என்ற சாமானை அப்போதே பின் சீட்டில் எங்கோ தொலைத்துவிட்டிருந்தாள்.

படத்தில் ஒரு நீராவிக் குளியல் அறை. மரப் பலகைகளில் தேவாலயத்துப் பெரிய மனிதர்கள் பத்துப் பேர் பொட்டுத் துணியில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது பேருக்குப் பன்றி முகம். அவர்களின் கைகள் எங்கெங்கே இருந்தன என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு வெர்னன் சுவரைப் பார்த்துக்கொண்டார். பத்தாவது ஆள் மட்டும் தலையிலிருந்து நெஞ்சு வரை ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தியிருந்தார்.

கீழே மூலையில் கையெழுத்து: ரோலி.

ரோலி என்பது ரோலண்ட் ஹாகன், வெர்னனின் ஒரே தம்பி. 1969இல் அவன் வரைந்து வெளியிட்ட 'ஈரச் சாக்ஸ்' என்ற படக்கதைப் புத்தகத்தைப் பத்திரிகைக் கடைகள் தொட மறுத்தன. கஞ்சாக் குழாய் விற்கும் கடைகளில், ஊதுவத்திக்குப் பின்னால் வைத்து விற்றார்கள். போலீஸ் பறிமுதல் செய்தது, நீதிமன்றம் ஆபாசம் என்றது. அவர்களின் தகப்பனார் லூத்தரன் சபைப் போதகர். மகனின் புகைப்படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். ஆணியைக் கழற்றவில்லை. அந்தக் காலி ஆணி, தகப்பனார் படத்துக்குப் பக்கத்தில், இன்றும் வெர்னனின் வீட்டுச் சுவரில் இருந்தது.

போன குளிர்காலத்தில் ரோலண்ட் இறந்துபோனான். இப்போது அதே புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விரல் படாமல் பிடிக்கிறார்கள். அதற்காக அவன் கையால் வரைந்த மூலப் பக்கங்களில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று ஏலக் கம்பெனி அச்சடித்திருந்தது. இன்று பிற்பகல் ஏலம்.

"பெரியப்பா, அதைப் படிச்சீங்களா?" ரோலண்டின் மகள் கேரின் ஏலக் குறிப்பேட்டை நீட்டினாள். சாக்ரமென்டோவில் பள்ளி ஆசிரியை. அழுது ஓய்ந்த கண்கள். "'குடும்பத்தால் துரத்தப்பட்ட ரோலி, ஒரு மழைநாளில் ஒரு பாட்டில் விஸ்கிக்காகக் கெஞ்சி இந்தப் பக்கத்தைக் கொடுத்தார்.' அப்பா ஒரு சொட்டு குடிச்சது கிடையாது. யார்கிட்டயும் கெஞ்சினதும் கிடையாது."

"தெரியும்மா. கெஞ்சற வியாதி நம்ம வீட்ல யாருக்கும் வந்ததில்ல."

"இன்னிக்குச் சுத்தியல் விழுந்துட்டா இதுதான் அவர் கதைன்னு ஆயிடும். அப்புறம் யார் மாத்துவா?"

அதற்குத்தான் வெர்னன் வந்திருந்தார். தம்பி வரைந்த அசிங்கத்தை அவர் ஒருநாளும் மன்னிக்கவில்லை. ஆனால் ஹாகன் வீட்டுப் பையனைப் பிச்சைக்காரக் குடிகாரன் என்று ஒருவன் அச்சில் எழுதுவதா?

எழுதியவன் வந்தான். லியோனல் ட்ராஸ்க், பழைய படக்கதை வியாபாரி. அந்தப் பக்கத்தை ஏலத்துக்குக் கொடுத்தவனும் அவன்தான். கழுத்தில் பட்டுத் துணி, உடம்பெல்லாம் சென்ட். வெர்னன் கைக்குட்டையை இறக்கவில்லை.

"மிஸ்டர் ஹாகன்! உங்க சந்தேகம் எனக்குப் புரியுது. பொறாமை இல்லாத குடும்பம் உண்டா?" ட்ராஸ்க் சிரித்தான். "இந்தாங்க புத்தகம். பக்கத்துல வச்சுப் பாருங்க. கோட்டுக்குக் கோடு, புள்ளிக்குப் புள்ளி. மயிரிழை வித்தியாசம் காட்டுங்க, ஏலத்திலேருந்து நானே எடுத்துடறேன்."

"அந்தப் பக்கத்த முழுசா மனப்பாடம் பண்ணிட்டீங்க போல," என்றாள் மேவிஸ்.

"கண்ண மூடிக்கிட்டே வரைவேன்."

"அதைக் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார், வக்கீல் யாராவது கேட்டுடப் போறாங்க." மேவிஸ் கண்ணாடியில் மூக்கை ஒட்டினாள். "ஆமா, இந்தத் துண்டுக்காரர் யாரு? ஒன்பது பேர் கடையத் தொறந்து வச்சிருக்காங்க, இவர் மட்டும் ஷட்டர இறக்கிட்டாரு?"

"அந்தத் துண்டுதான் ரோலியோட மேதைமை! அது மதத்தின் கண்மூடித்தனமா, கலைஞனின் மௌனமான்னு முப்பது வருஷமா பெரிய பெரிய ஆளுங்க எழுதறாங்க."

வெர்னன் முதல் தடவையாகப் படத்தை ஒழுங்காகக் குனிந்து பார்த்தார். பன்றிகளை அல்ல, துண்டை.

ரோலண்டுக்குச் சிறு வயதிலிருந்தே வெற்றுக் காகிதம் ஆகாது. தேவாலயத்துப் பாட்டுப் புத்தகத்தின் ஓரங்களை எல்லாம் பென்சில் கோடுகளால் நிரப்பி வைப்பான்; பெரியவன் கவனிக்கவில்லை என்று அடி வெர்னனுக்கு விழும். இந்தப் படத்திலும் அப்படித்தான். பலகையின் நரம்பு, பன்றியின் மயிர், தரையில் கிடந்த வாளி, ஏன், மிதக்கும் நீராவிக்குக்கூட ஆயிரம் மெல்லிய கோடுகள். துண்டில் மட்டும் ஒரு மடிப்பு இல்லை. ஒரு நூல் இல்லை. மொட்டை வெள்ளை.

"மேவிஸ், வண்டிய எடு."

"எங்க பாஸ்?"

"ஓக்லண்டுக்கு. இதை அச்சடிச்சவன் உயிரோட இருக்கானான்னு பாப்போம்."

*

சால் பெட்ருச்சி உயிரோடுதான் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். சோடா பாட்டில் அடிப்பாகம் போன்ற மூக்குக் கண்ணாடி. அதையும் மீறி எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தடவித்தான் பார்த்தார். அச்சகம் இருந்த இடம் இப்போது கார் ஷெட். உள்ளே பழைய மை, பூனை மூத்திரம், பூண்டு போட்ட பன்றி இறைச்சி ரொட்டி மூன்றும் சேர்ந்து மணத்தன. வெர்னனின் கைக்குட்டைக்கு அன்று ஓய்வே இல்லை.

"'ஈரச் சாக்ஸ்' நெகடிவா? இருக்கு, இருக்கு. நான் எதையும் தூக்கிப் போடமாட்டேன். என் பொண்டாட்டி என்னைத் தூக்கிப் போட்டுட்டா, இதெல்லாம் என்கூடத்தான் இருக்கு." சால் தட்டையான அட்டைப் பெட்டிகளைக் கிளறினார். "யாரு நீ, தம்பி?"

"வெர்னன் ஹாகன். ரோலண்டோட அண்ணன்."

"ஓ! எதுக்கெடுத்தாலும் வழக்குப் போடுவான்னு ரோலி சொல்வானே, அந்த அண்ணனா?"

மேவிஸ் இருமினாள்.

சால் ஒரு பெரிய நெகடிவை எடுத்து, கண்ணாடி மேசையில் வைத்துக் கீழே விளக்கைப் போட்டார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் புரண்டுபோன அதே குளியல் அறை. ஒன்பது பன்றிகள். பத்தாவது ஆள் இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்த தக்காளிச் சாறு போல ஒரு சிவப்புப் பூச்சு.

"இது என்ன?" என்றார் வெர்னன்.

"நான் பூசினது. நெகடிவ் வழியா வெளிச்சம் போற இடம் அச்சுல கறுப்பா விழும். இந்தச் சாயத்தைப் பூசினா வெளிச்சம் போகாது. அந்த இடம் வெள்ளையா வந்துடும்."

"அப்ப அது துண்டு இல்லையா?"

"துண்டா? அது என் பிரஷ்ஷு, தம்பி."

மேவிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். "மதத்தோட கண்மூடித்தனம், பாஸ்! கலைஞனோட மௌனம்! எல்லாம் தாத்தாவோட பிரஷ்ஷு!"

"எதுக்குப் பூசினீங்க? மத்ததெல்லாம் ரொம்ப யோக்கியமா இருந்ததா?"

"அம்மணப் படத்துக்கு மூணு மாசம் உள்ள போயிட்டு வந்துடலாம். பன்னி வந்து கேஸ் போடாது. ஆனா பத்தாவது ஆளுக்கு நிஜ மூஞ்சி போட்டிருந்தான் உன் தம்பி. யாருடான்னேன். எங்க வீட்டு ஆளுன்னான். போச்சுடா, நிஜ மூஞ்சின்னா ஆயுசு பூரா கோர்ட்டுக்கு அலையணும்னு அவனுக்குத் தெரியாம பூசிட்டேன். புத்தகம் வந்ததும் ஒரு வாரம் என்கூடப் பேசல. அப்புறம் போலீஸ் வந்துச்சு, மறுபடி சேந்துட்டோம்."

வெர்னன் நிமிர்ந்தார். முப்பது வருடத் தொழில் அவருக்குள் ஒரு விரலைச் சொடுக்கியது.

"அவன் கையால வரைஞ்ச காகிதத்துல துண்டே கிடையாது, மேவிஸ். துண்டு பொறந்ததே இந்த மேசையிலதான். துண்டோட ஒரு மூலப் படம் இருக்குன்னா, அதை வரைஞ்சவன் புத்தகத்தைப் பாத்து வரைஞ்சிருக்கான்."

"கோட்டுக்குக் கோடு, புள்ளிக்குப் புள்ளி." மேவிஸ் எழுந்து நின்றாள். "அதாவது பாஸ், சுருக்கமா சொல்லணும்னா, அந்தப் படம் போலி. ஏன்னா அது போதுமான அளவு அசிங்கமா இல்ல."

"வாய மூடு."

"இதை நீங்க உங்க வாயால ஏலக் கூடத்துல சொல்றத நான் காசு கொடுத்துப் பாப்பேன்."

"நான் சொன்னா எவன் நம்புவான்? கண்ணு தெரியாத கிழவரும் கோவக்கார அண்ணனும் சேந்து கதை கட்டறாங்கன்னுவான் ட்ராஸ்க். பூச்சுக்கு அடியில வேற ஒண்ணு இருக்குன்னு காட்டணும்."

"ஈரப் பஞ்சால துடைச்சா வந்துடும்," என்றார் சால். "தண்ணிச் சாயம்தானே."

பஞ்சு வந்தது. கிண்ணத்தில் தண்ணீர் வந்தது. வெர்னன் தொடவில்லை.

எங்க வீட்டு ஆள். அந்த வீட்டில் தேவாலயத்துப் பெரிய மனிதர்களோடு உட்காரத் தகுந்தவர் ஒருவர்தான். சாகும் நாளில்கூடக் கழுத்துப் பட்டையைக் கழற்றாத போதகர் ஹாகன். அப்பாவை அம்மணமாகப் பன்றிகளுக்கு நடுவே உட்காரவைத்திருக்கிறான் படுபாவி. துடைத்தால் அப்பாவின் மானம் போகும். துடைக்காமல் விட்டால் தம்பி என்றென்றைக்கும் ஒரு பாட்டிலுக்குக் கெஞ்சியவன். கேரின் அந்த வரியோடு வாழ வேண்டும்.

வெர்னன் கைக்குட்டையை மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார். வரைந்தவன்மேல் அருவருப்பு, மறைத்தவன்மேல் அருவருப்பு, வெளிச்சத்தில் மினுக்கும் பன்றிகள்மேல் அருவருப்பு.

"பாஸ், நான் வேணா துடைக்கட்டுமா?" மேவிஸின் குரலில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை.

"இது வீட்டு விஷயம்."

அவரே பஞ்சை நனைத்துப் பிழிந்து துடைத்தார். சிவப்பு கரைந்து விரலில் வழிந்தது. பூதக் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

மேவிஸ் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு மூஞ்சி தம்பி?" என்றார் சால், தன் ரொட்டியைத் தேடிக்கொண்டே.

"இதைக் காகிதத்துல படமா எடுத்துக் கொடுங்க," என்றார் வெர்னன். "சீக்கிரம்."

*

ஏலக் கூடம் நிரம்பியிருந்தது. நரைத்த முடியைக் குதிரைவாலாகக் கட்டிய ஆண்கள்; சட்டை அந்தக் காலத்துப் பூச்சட்டை, கடிகாரம் இந்தக் காலத்துத் தங்கம். அன்றைக்குப் போலீஸ் வந்தபோது இவர்களில் பாதிப் பேர் பின்வாசல் வழியாக ஓடியிருப்பார்கள், மீதிப் பேர் போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று வெர்னனுக்குத் தோன்றியது. இன்று எண் அட்டையை விசிறி போல ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பன்றி முகம் போடாததுதான் குறை.

மேடையில் ஏலக் கம்பெனியின் உரிமையாளர் மிஸஸ் குவின் சுத்தியலைத் தூக்கியிருந்தார். கைகள் ஏறிக்கொண்டிருந்தன.

"நிறுத்துங்க," என்றார் வெர்னன்.

அவர் கத்தவில்லை. கத்துவது அவர் வழக்கமில்லை. ஆனால் கூடம் திரும்பியது.

"அந்தப் பக்கம் என் தம்பி வரைஞ்சதில்ல."

"மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிச்சிட்டீங்களா?" முன் வரிசையிலிருந்து ட்ராஸ்க் சிரித்தான். "புத்தகத்துக்கும் இதுக்கும்?"

"இல்ல. வித்தியாசமே இல்ல. அதுதான் சங்கடம்." அவர் சாலைக் கைத்தாங்கலாக முன்னே கொண்டுவந்தார். "புத்தகத்தை அச்சடிச்சவர் இவர். அந்தத் துண்டை ரோலண்ட் வரையல. இவர் பயந்துபோய் நெகடிவ்ல பூசினது. மூலப் படத்துல அந்த இடத்துல ஒரு முகம் இருக்கணும். பூச்சைத் துடைச்சுட்டு எடுத்த படம் என் கையில இருக்கு."

"நான்தான் பூசினேன்!" என்று சால் தேவைக்கு மேல் கத்தினார். "எங்க வீட்டு ஆள் மூஞ்சின்னான், பயந்து பூசிட்டேன்! என் பிரஷ்ஷு!"

கூடத்தில் யாரோ ஒருவர், அந்தத் துண்டைப் பற்றிப் புத்தகம் எழுதியவராகத்தான் இருக்க வேண்டும், "ஐயோ" என்றார்.

ட்ராஸ்க் எழுந்தான். "அதுக்கென்ன? ரோலி பின்னால மனசு மாறி அந்த முகத்தை வெள்ளை மையால மறைச்சிருக்கலாம்."

மிஸஸ் குவின் பக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார். துண்டின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். நகத்தால் மெல்ல வருடினார்.

"மை எதுவும் இல்ல மிஸ்டர் ட்ராஸ்க். வெறும் காகிதம். இங்க பேனாவே பட்டதில்ல."

"அப்ப நெகடிவ்தான் போலி!" ட்ராஸ்க் வெர்னனை நெருங்கினான், குரலை இறக்கினான். சென்ட் முன்னே வந்தது. "உங்க வீட்டு ஆள் முகம்னு கிழவர் கத்தினாரே. உங்கப்பா போதகராமே? நல்லா யோசிங்க. அந்தப் படத்தைத் திறந்தா நாளைக்கு உங்கப்பாவோட அம்மணம் ஊர் பூரா சுத்தும். உங்களைப் பாத்தா மானத்துக்குப் பயந்தவர் மாதிரி தெரியுது. மடிச்சு உள்ள வச்சுக்கிட்டுப் போயிடுங்க."

வெர்னன் அவனைப் பார்த்த பார்வை, ஷூவின் அடியில் எதையோ மிதித்துவிட்டவர் பார்ப்பது போல இருந்தது.

பிறகு ஈரம் காயாத அந்தப் படத்தை விரித்து, மிஸஸ் குவினிடம் கொடுத்தார்.

ஒன்பது பன்றிகள். பத்தாவதாக ஒரு மனிதன். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அம்மணமாக, ஆனால் பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்தது போல முதுகை நேராக்கி, முழங்கால்களைச் சேர்த்து, கைகளை மடியில் அடக்கி உட்கார்ந்திருந்தான். முகத்தில் உலகத்து அருவருப்பு எல்லாம் கூடியிருந்தது. நாய் கடித்ததில் இடது காதின் மேல் பாதி இல்லை. கழுத்தில் மட்டும், இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு டை.

"யார் இவர்?" என்றார் மிஸஸ் குவின்.

வெர்னன் தொப்பியைக் கழற்றினார்.

கூடம் படத்தைப் பார்த்தது. அவருடைய பாதிக் காதைப் பார்த்தது. முதுகைப் பார்த்தது. டையைப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்க முடியாமல் அது முன்வரிசை வரை உருண்டு வந்தது. வெர்னன் அசையவில்லை. அந்தக் காது மட்டும், மிஞ்சியிருந்த அளவுக்கு, சிவந்தது.

"மிஸ்டர் ட்ராஸ்க்," என்றார், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து. "இந்த நெகடிவ நானே போலியா தயாரிச்சேன்னு சொல்றீங்க. என்னை நல்லா பாருங்க. காசு கொடுத்து என்னையே அம்மணமா வரைய வைக்கிற ஆள் மாதிரியா இருக்கேன்?"

இந்த முறை சிரிப்பு ட்ராஸ்க்கின் பக்கம் திரும்பியது. சிரிக்காதவர் மிஸஸ் குவின் ஒருவர்தான். சுத்தியலைப் படுக்கவைத்தார்.

"இந்தப் பக்கம் ஏலத்திலேருந்து நீக்கப்படுது. அந்த விஸ்கிக் கதை பொய்னு நாளைக்கே எங்க பேர்ல அச்சடிச்சு எல்லாருக்கும் அனுப்பறோம். மிஸ்டர் ட்ராஸ்க், என் அறைக்கு வாங்க. போலீஸ் வர்றவரைக்கும் உக்காரலாம்."

"மயிரிழை வித்தியாசம் காட்டினா நானே எடுத்துடறேன்னு சொன்னீங்களே சார்," என்று மேவிஸ் அவனுக்கு வழிவிட்டாள். "ஒரு முழு ஆளையே காட்டிட்டோம்."

வாசலில் குதிரைவால்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சார், அந்த நெகடிவ விப்பீங்களா? எவ்வளவு வேணும்னாலும்..."

"கையக் கழுவிட்டு வாங்க," என்றார் வெர்னன். "அப்புறம் நான் கிடையாதுன்னு சொல்றேன்."

கேரின் படத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "மன்னிச்சுடுங்க பெரியப்பா. அப்பா உங்களை இப்படி..."

"பாஸ்," என்றாள் மேவிஸ். "ஒண்ணு கவனிச்சீங்களா? அந்த அறையில ஒன்பது பேரையும் பன்னியாக்கிட்டாரு. உங்களை மட்டும் மனுஷனா விட்டிருக்காரு."

வெர்னன் கையை நீட்டினார். படத்தை வாங்கினார். தன் முகத்தில் தம்பி இழைத்திருந்த கோடுகளைப் பார்த்தார். புருவத்துக்கு மட்டும் நூறு கோடு இருக்கும். பாதிக் காதைக்கூட அவசரப்படாமல் வரைந்திருந்தான். இவ்வளவு நேரம் தன்னை எவனும் உற்றுப் பார்த்ததில்லை.

"வீட்ல ஒரு ஆணி காலியா இருக்கு," என்றார் கடைசியில். "அப்பா படத்துக்குப் பக்கத்துல. கண்ணாடி போட்டு மாட்டிடலாம்."

மேவிஸ் கார் சாவியைக் கீழே போட்டுவிட்டாள். "போதகருக்குப் பக்கத்துலயா? அம்மணப் படத்தையா?"

வெர்னன் தொப்பியை நேராக வைத்துக்கொண்டார்.

"டை கட்டியிருக்கேன்ல?"